தட்டு போக

அறுநூற்றுப் பத்து என்றேன்.
"தட்டோடயா டாக்டர், தட்டு போகவா?"
தேசப்பன் கேட்டான்.

கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில்
விடியுமுன்னே தராசடியில் நிற்பவன்.
சங்கராவும் கிழங்கானும்
அவன் வாய் சொன்ன எடைக்குத்தான் லாரி ஏறும்.
தென்பெண்ணைப் பாலம் தாண்டி
புதுச்சேரிக்கு ஆம்புலன்ஸில் வந்த மகளுக்கும்
முதலில் எடைதான் கேட்டான்.

தட்டு போகத்தான் என்றேன்.
குழாய், ஊசி, கையோடு கட்டிய அட்டை,
பாதத்தில் சிவப்பாய் எரியும் ஒட்டு,
எல்லாம் கழித்து.
"பேபி ஆஃப் அங்காளபரமேஸ்வரி" என்ற பெயர்ப்பட்டை
அவள் மணிக்கட்டை மூன்று சுற்று சுற்றி
மிச்சம் தொங்கியது. அதையும் கழித்து.

இருபத்து மூன்று வாரம், நான்கு நாள்.
அந்த நான்கு நாளுக்காகத்தான்
நெறிமுறைக் குழுவில் சண்டை போட்டோம்.
ஒரு வக்கீல், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர்,
இரண்டு டாக்டர்கள், நான், ஒரு தட்டு உப்பு பிஸ்கட்.
நான் அதில் பட்டம் வாங்கியவள்.
நன்மை செய், தீங்கு செய்யாதே என்று
ஏசி அறையில் படம் போட்டு நடத்துகிறவள்.
பெற்றோர் விருப்பம் எழுத்தில் வேண்டும் என்றார் வக்கீல்.
விருப்பமாம்.
புளியோதரையா தயிர்சாதமா என்பதைப் போல.

அரியாங்குப்பத்தில் ஒரு பையன் இருக்கிறான்.
போதும் என்ற பக்கம் நான் சாய்ந்த கேஸ்.
அவன் அப்பா கேட்கவில்லை.
போன மாசம் செக்கப்புக்கு வந்தவன்
என் ஸ்டெதஸ்கோப்பைக் கடித்து வைத்தான்.
பல் பதிந்த ரப்பரைக் கழுத்தில் போட்டுக்கொண்டு
எனக்குத் தெரியும் என்ற குரலில்
யாரிடமும் பேச முடிவதில்லை.

ஒன்பதாம் நாள்.
மூளையில் இரண்டு பக்கமும் ரத்தம்.
சிறுநீர் நேற்றிலிருந்து இல்லை.
எடை அறுநூற்றுத் தொண்ணூறு.
சக்கர நாற்காலியில் அங்காளபரமேஸ்வரி நிமிர்ந்தாள்:
"ஏறியிருக்கு!"
தையல் இழுக்க இழுக்கச் சிரித்தாள்.

நான் வாக்கியங்கள் வைத்திருந்தேன்,
எங்கே நிறுத்தி மூச்சுவிட வேண்டும் என்பது உட்பட
ஒத்திகை பார்த்தவை.
அவனோ கண்ணாடிக்கு அப்பால்
வீங்கி மினுங்கிய பாதத்தையே பார்த்திருந்துவிட்டு
மெதுவாகக் கேட்டான்:
"தண்ணி எடையா டாக்டர்?"

ஐஸில் ஊறிய மீனைக் கையில் எடுத்ததுமே
சொல்லிவிடுவார்களாம்.
ஆமாம் என்றேன்.
ஒத்திகை பார்க்காத ஒரே வார்த்தை.

அவள் அவன் சட்டையைப் பிடித்து அடித்தாள்.
வாங்கிக்கொண்டு நின்றான்.
நான் அங்கிருந்து போயிருக்க வேண்டும். போகவில்லை.
காகிதம் மாலைவரை மேஜையில் கிடந்தது.
விளக்கு போட்ட பிறகு அவளே கேட்டாள்:
"குழாயில்லாம ஒரு தடவ தூக்கலாமா?"

விருப்பம் என்ற கட்டத்தில்
அதைத்தான் எழுதினேன், அவள் சொன்ன மாதிரியே.
வக்கீல் திருத்தச் சொன்னார்.
திருத்தவில்லை.

இரவு பத்தேகால்.
வலிக்கு மருந்து ஏறிய பிறகு
எண்ணெய் தொட்டுத் தொட்டு
பிலோமினா சிஸ்டர் பிளாஸ்திரி உரித்தாள்,
தோல் கூட வந்துவிடாமல்.
அலாரங்களை அணைத்தேன்.
ஏசியிலிருந்து வாளியில் தண்ணீர் சொட்டுவது
இத்தனை வருஷத்தில் இன்றுதான் கேட்டது.

அம்மா நெஞ்சில் ஐம்பது நிமிடம்.
பெயர் வைத்தார்கள்.
என்னிடம் சொல்லவில்லை.

அப்புறம் அவன் கைகளை நீட்டினான்.
இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தி
லேசாக ஒருமுறை ஏற்றி இறக்கினான், பழக்கதோஷம்.
ஓர் எண் சொன்னான்.
அது கேஸ் ஷீட்டில் இல்லை.
இங்கேயும் எழுதப்போவதில்லை.

விடியற்காலையில் தராசைத் துடைத்து வைத்தாள் பிலோமினா.
தட்டில் ஒன்றுமில்லை.
நான்கு கிராம் காட்டியது.
சுழியம் அழுத்தக் கை போனது.
இரு என்றேன்.
அடியில் ஒட்டியிருப்பது பஞ்சா, பிளாஸ்திரித் துண்டா,
கீழே அடுத்த ஆம்புலன்ஸ் கதவு திறக்கும்வரை
இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.